காயாத கூந்தல்

ஹட்டன் வீட்டில் கண்ணாடி முன் நின்று, என் முடியை நானே அடுக்கடுக்காக வெட்டிக்கொண்டிருந்தேன். ஈர முடியைக் கத்தரிக்கோல் கடிக்கும் சத்தம் என்னை லிந்துலைத் தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டுக்குக் கொண்டுபோனது.

மழை மாதங்களில் கொழுந்து பறித்துவிட்டு வரும் அம்மாவின் நீளக் கூந்தல் காயவே காயாது. அடுப்புப் புகையில் விரித்துப் போட்டாலும் தலைவலி விடாது. ஒருநாள் தோள்வரைக்கும் தானே வெட்டிவிட்டாள்.

“புருஷன் இருக்கையில யாராச்சும் முடிய வெட்டுவாளா?” என்றாள் அத்தை, அப்பாவின் அக்கா.

“கூடைக் கயிறு என் தலையிலதானே தொங்குது, மதினி,” என்றாள் அம்மா. மறுநாள் முக்காடு போடாமல், வேலைக்குப் பேர் கொடுக்கும் காலைப் பெரட்டில் எல்லார் முன்னாலும் போய் நின்றாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அத்தை தலைக்குக் குளித்துவிட்டு வந்து, அம்மாவுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தாள்.

“எவ்வளவு வெட்டணுங்க, மதினி?”

“உன் அளவுக்கே வெட்டு.”

ஹட்டன் கண்ணாடியில் என் தலையின் பின்பக்கம் தெரியவில்லை. விரலால் அளந்துகொண்டு கடைசி அடுக்கையும் வெட்டினேன்.