நூருவுக்குத் தெரியாமல் தின்ற மீன்

என் மனைவியை அரைப்பட்டினி போட்டவன் நான். வீட்டில் அவளோடு பச்சைக் காய் தின்றுவிட்டு, அவளுக்குத் தெரியாமல் வெளியே போய்ப் பொரித்த மீன் தின்றேன். மாதக்கணக்கில்... இதை உங்களிடம் மறைக்கப் போவதில்லை.

சவுதியிலிருந்து பெருத்த உடலும் சர்க்கரை நோயுமாகப் பாம்பனுக்குத் திரும்பியிருந்தேன். சவுதியில் என்னோடு தங்கியிருந்த ஒருவன் சொல்லித் தந்த வழிதான் இந்தப் பச்சைத் தீனி. எதையும் சமைக்கக் கூடாது. பழம், கீரை, தேங்காய், பச்சை மீன் எல்லாவற்றையும் பரப்பி வைத்து ஒவ்வொன்றாய் முகர வேண்டும். எது மணக்கிறதோ அதுவே உடல் கேட்கும் உணவு. ருசி மாறியதும் நிறுத்திவிட வேண்டும்.

"நீங்க இதைத் தின்னா எனக்கு மட்டும் சோறு இறங்குமா? நானும் வாரேன்" என்றாள் என் மனைவி நூரு. வீட்டில் சமையல் நின்றது.

முதல் மாதங்கள் கனவு போல... எதிரெதிரே உட்கார்ந்து மாறி மாறிக் கண்களை மூடிக்கொள்வோம். பப்பாளியை என் மூக்கருகே அவள் நீட்டுவாள். சீலா மீன் துண்டை அவள் மூக்கருகே நான் நீட்டுவேன். சன்னல் வழியே வந்த கடல் வெளிச்சம் சுவரில் அலையும். உடம்பு எடையற்று மிதந்தது. பசியா, பரவசமா? எனக்குப் பிரித்துத் தெரியவில்லை!

கல்யாண வீடுகளில் பிரியாணியைத் தள்ளிவைத்துப் பெருமையடித்துக்கொண்டேன். சொந்தக்காரர்கள் சிரித்தார்கள். சிரிக்கச் சிரிக்க எனக்குப் பிடிவாதம் ஏறியது.

பிறகு எனக்கு முடி கொட்டியது. பழமாகவே தின்றதில் சர்க்கரையும் ஏறியது. ராமநாதபுரத்தில் ஒரு டாக்டர், "பழத்தை நிறுத்துங்க. சோறு, இட்லியும் வேணாம். மீன், முட்டை, காய்கறின்னு சமைச்சுச் சாப்பிடுங்க" என்றார். பேலியோ என்கிறார்களே, கிட்டத்தட்ட அதுதான்.

வீட்டில் சொல்ல வாய் வரவில்லை. சிரித்தவர்களின் முகங்கள் கண்முன் நின்றன. "டாக்டர் நல்லாருக்குன்னுட்டாரு" என்று நூருவிடம் சொல்லிவிட்டு, மறுநாளே தங்கச்சிமடத்தில் ஒரு சாப்பாட்டுக் கடைக்குள் நுழைந்தேன். சோறு வேண்டாம், மீனும் முட்டையும் போதும் என்றேன். முதல் வாயிலேயே கண்ணீர் வந்துவிட்டது!

நான் தேறினேன். தேறிய என்னைப் பார்த்துப் பார்த்தே நூரு இன்னும் கண்டிப்பாகப் பச்சை தின்றாள். "உங்களுக்குச் சேந்துருச்சு. எனக்குத்தான் முகரவே தெரியல போல" என்று தன்னையே நொந்துகொண்டாள்.

அப்போதாவது சொல்லியிருக்கலாமே! ஏன் சொல்லவில்லை? நீங்கள் கேட்பதற்கு முன்பே எத்தனையோ தடவை என்னைக் கேட்டுவிட்டேன்...

ஒருநாள் தனுஷ்கோடி போனோம். வெயிலில் இரண்டு பக்கக் கடலும் ஒன்றாய் மங்கிக் கிடந்தன. "அங்கன பாருங்க, மணலு மெதக்குது" என்றாள் நூரு. மறுகணம் என் தோளில் சரிந்தாள்.

ஆஸ்பத்திரியில், உடம்பில் ரத்தமே இல்லை என்றார்கள். வீட்டில் என்ன சாப்பிடுவீர்கள் என்று நர்ஸ் கேட்டார்.

"ரெண்டு பேருமே பச்சையாத்தான். அவுக நல்லாத்தானே இருக்காக? என் உடம்புதான் சரியில்ல" என்றாள் நூரு.

நர்ஸ் என்னைப் பார்த்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

மறுநாள் காலையில்தான் சொன்னேன். "நூரு... நான் இத்தனை மாசமா கடையில மீன் தின்னேன்."

கையில் இறங்கிக்கொண்டிருந்த குளுக்கோஸைப் பார்த்தாள். திட்டுவாள், அழுவாள் என்று காத்திருந்தேன்.

"ருசியா இருந்துச்சா?"

அவ்வளவுதான் கேட்டாள். இல்லை என்று சொல்லத்தான் நினைத்தேன். "இருந்துச்சு" என்றேன்.

சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

இப்போது எனக்கு மீனும் முட்டையும் அவளே சமைத்து வைக்கிறாள். ஆனால் என்னோடு உட்கார்வதில்லை. கூப்பிட்டால், "நீங்க தின்னுங்க, எனக்குப் பசிக்கல" என்கிறாள்.

நான் கை கழுவி எழுந்த பிறகு அடுப்படிக் கதவை ஒருக்களித்துவிட்டுத் தனியாகச் சோறு போட்டுக்கொள்கிறாள். வேகவேகமாகத் தின்கிறாள்... பாத்திரத்தை வழிக்கும் சத்தம் எனக்குக் கேட்கிறது. உள்ளே போக எனக்குத் துணிவில்லை.