ஞாயிற்றுக்கிழமை லீவு எடுத்த காற்று

மின்சார ஆபீசில் அவளுக்குக் காத்தக்கா என்று பெயர். சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவளே திரும்பிப் பார்க்க மாட்டாள். கட்டுப்பாட்டு அறையில் பதினோரு வருடமாக ஒரே வேலை: வெளியே எவ்வளவு வெயில், எவ்வளவு காற்று என்று பார்த்து, உயர் அழுத்தக் கம்பி இந்த மணி நேரத்தில் எவ்வளவு மின்சாரம் தாங்கும் என்று எண் போடுவது. காற்றடித்தால் கம்பி குளிரும், கூடச் சுமக்கும். காற்றில்லாத வெயிலில் அதே சுமைக்குச் சூடேறி நீண்டு, கீழே தொங்கும். அப்போது எண்ணைக் குறைப்பாள். எங்கேயாவது நாலு தெருவுக்குக் கரண்ட் போகும். ஊரே வைகிற வேலை. வாங்கிய வசவில் அவள் வாயும் நன்றாகவே கூர் ஏறியிருந்தது.

மற்றவர்களைவிட அதிகம் வைதவன் கூடப்பிறந்த தம்பி. அந்தக் கம்பிக்கு நேர் கீழே லேத் பட்டறை போட்டவன். தகரக் கூரையை உயர்த்திக் கட்டப் போனபோது, வேண்டாமடா என்று நல்ல வார்த்தையாகத்தான் சொன்னாள். கேட்கவில்லை. தம்பி என்றும் பாராமல் மனு எழுதிக் கொடுத்தாள். அதிகாரிகள் வந்து கூரையைப் பிரித்து, ஒரு முழம் இறக்கிக் கட்ட வைத்தார்கள். பதிலுக்கு அவன் மகள் கல்யாணத்துக்குப் பத்திரிகை வைக்கவில்லை. ஆறு வருடமாகப் பேச்சில்லை. எண் குறைந்தால் முதலில் நிற்பது அவன் மெஷின்தான். வேண்டுமென்றே செய்கிறாள் என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தான். வேண்டுமென்று செய்யவில்லை. ஆனால் செய்யும்போது அவளுக்குக் கசக்கவும் இல்லை.

காற்றளக்கும் கருவி அவன் பட்டறையின் பின்சுவரை ஒட்டித்தான் இருந்தது. இரண்டு பக்கமும் உயரக் கட்டடங்கள்; கம்பி போகும் வழியில் காற்று மிகக் குறைந்த இடம் என்று அங்கே வைத்திருந்தார்கள். கூரை உயரத்துக்கு ஒரு கம்பம், உச்சியில் சுற்றுகிற மூன்று கிண்ணம்.

இந்தக் கோடையில் அந்த மூலையில் திடீரென்று காற்று பிய்த்துக்கொண்டு அடித்தது. எண் ஏறியது. கரண்ட் போகவில்லை. ஷிப்ட் இன்ஜினியர் வாயெல்லாம் பல்லாக இருந்தார். காத்தக்காவுக்கு மட்டும் உறுத்தியது. மூன்று வாரக் கணக்கை எடுத்துப் பரப்பினாள். காலை ஒன்பதுக்குக் காற்று ஆரம்பிக்கிறது. ஒரு மணிக்கு நிற்கிறது, இரண்டுக்கு மறுபடி அடிக்கிறது. ஆறுக்கு ஓய்கிறது. ஞாயிற்றுக்கிழமை இலை அசையவில்லை.

"சாப்பாட்டுக்குப் போயிட்டு வர்ற காத்தை நான் பார்த்ததில்ல சார்," என்றாள்.

"கருவி சொல்றதுதான் கணக்கு. நீங்க சொல்றது இல்ல," என்றார் இன்ஜினியர்.

அன்று மாலை பஸ்ஸில் போகும்போது ஜன்னல் வழியாகப் பார்த்தாள். தம்பியின் கூரை ஓரத்தில் ஆள் உயர மின்விசிறி, கம்பத்தைப் பார்த்துச் சுற்றிக்கொண்டிருந்தது. வல்லவனுக்குப் புல்லும் ஆயுதம். கழுதைக்கு இவ்வளவு மூளை எங்கிருந்து வந்தது என்று அவளுக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. காலையில் புகார் எழுதி இன்ஜினியர் மேஜையில் வைத்தாள். அவர் அதன்மேல் டீ டம்ளரை வைத்தார்.

மறுநாள் மதியம் மூன்று மணி, நாற்பத்திரண்டு டிகிரி. ஊரில் இருக்கிற ஏசியெல்லாம் ஓடியது. கம்பி உண்மையில் தாங்கக்கூடியதைச் சுமை தாண்டி வெகுநேரம் ஆகிவிட்டது. திரையில் மட்டும் குளுகுளுவென்று காற்று. அவள் போனை எடுத்தாள்.

"நான்தான் பேசறேன்."

"எந்த நான்?" என்றான் தம்பி.

"ஃபேனை நிறுத்து. தலைக்கு மேல கம்பி தொங்குது."

"ஆறு வருஷமா இதைத்தான் சொல்றே. விழுந்துச்சா? இரு, ஃபேனை இன்னும் ஒரு முழம் தூக்கி வைக்கிறேன். உன்னால ஆனதைப் பாத்துக்க."

வைத்துவிட்டான். தானாடாவிட்டாலும் தன் சதை ஆடும் என்பார்கள். அவளுக்கு ஒன்றும் ஆடவில்லை. விழட்டும் என்றுதான் முதலில் நினைத்தாள், அதை அவள் யாரிடமும் மறைத்ததும் இல்லை. பிறகு அந்தப் பட்டறையில் கூலிக்கு நிற்கிற ஏழு பேர் ஞாபகம் வந்தது. காற்று பூஜ்யம் என்று வைத்துக்கொண்டு, தன் கையாலேயே எண்ணைக் குறைத்தாள்.

"தம்பி மேல இருக்கிற ஆத்திரத்தை இங்க காட்டாதீங்க. மெமோ குடுப்பேன்," என்று இன்ஜினியர் எழுந்துவிட்டார்.

"தாராளமாக் குடுங்க. முதல்ல அங்க பாருங்க."

எண் குறைந்ததும் அந்தப் பகுதிக்குக் கரண்ட் போயிருந்தது. திரையில் காற்று நாலிலிருந்து இரண்டானது, ஒன்றானது, நின்றே விட்டது. இன்ஜினியர் உட்கார்ந்தார்.

போன் அடித்தது. தம்பிதான்.

"வெறி அடங்குச்சா? ஃபேனைத் தூக்கக் கூரை மேல ஏறி நிக்கறேன், பாதியில கரண்டைப் புடுங்கறியே, நீயெல்லாம்..." என்றவன் சட்டென்று நிறுத்தினான். ஃபேன் சத்தம் இல்லாத அந்த அமைதியில், போன் வழியாகவே அவளுக்குக் கம்பியின் 'உம்' என்ற இரைச்சல் கேட்டது. பெரிய கம்பியில் இன்னும் மின்சாரம் ஓடிக்கொண்டுதான் இருந்தது. சூடு இறங்கி அது மேலே ஏற நேரம் பிடிக்கும்.

"அக்கா," என்றான். குரலே மாறியிருந்தது. "கம்பி கிட்ட இருக்கு."

"நிமிராதே. கையைத் தூக்காதே. அப்படியே உக்காந்து, தவழ்ந்து இறங்கு."

பிறந்ததிலிருந்து அக்கா சொன்னதை அவன் கேட்டது அன்று ஒரு தடவைதான். தகரம் நெளிகிற சத்தம், ஏணிச் சத்தம், பிறகு வெகுநேரம் மூச்சு வாங்கும் சத்தம்.

"இறங்கிட்டேன்," என்றான். கொஞ்சம் பொறுத்து, பழைய குரலில், "இதையும் மனுவுல எழுதிக்க," என்று சொல்லிவிட்டு வைத்தான்.

டம்ளரை நகர்த்திவிட்டு, டீக் கறை படிந்த அந்தப் புகாரை எடுத்து அவள் இதையும் எழுதினாள்.