மாட்டம்மைப் பக்கம்

அந்தப் புத்தகம் எங்கள் வீட்டுக்கு வந்த வருஷம், விஜயபுரத்துக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடம் பாதி தெலுங்காகிவிட்டிருந்தது. ஆந்திரா தனி மாநிலமாகிவிட்டது. நாங்கள் எந்தப் பக்கம் என்பது மட்டும் முடிவாகவில்லை. இன்றைக்கு அந்தப் பக்கம் என்பார்கள், நாளைக்கு இந்தப் பக்கம் என்பார்கள். பெரியவர்கள் வேர்க்கடலை விலையைக்கூட மறந்துவிட்டு இதையே பேசிக்கொண்டிருந்தார்கள்.

சென்னையில் ஓர் அச்சகத்தில் பைண்டிங் வேலை பார்த்த மாமா, அதாவது அம்மாவின் தம்பி, பொங்கலுக்கு வந்தபோது அதைக் கொண்டுவந்தார். அட்டை கோணலாக ஒட்டிப்போனதால் முதலாளி கழித்துவிட்ட பிரதி. பிள்ளைகளுக்கான விஞ்ஞானப் புத்தகம், பக்கத்துக்குப் பக்கம் வண்ணப் படம். மழை ஏன் பெய்கிறது, பல்லி வால் எப்படி முளைக்கிறது, ரயில் எஞ்சினுக்குள் என்ன இருக்கிறது என்று ஒவ்வொன்றும் கேள்வியில் ஆரம்பிக்கும்.

எனக்கு அப்போது ஒன்பது வயது, அக்காவுக்குப் பதிமூன்று. வந்த நாளிலிருந்து புத்தகம் அவளுடையதாகிவிட்டது. நான் படம் பார்ப்பேன், அவள் படிப்பாள். படிப்பதோடு விடமாட்டாள், செய்துபார்க்க ஆள் வேண்டும், அந்த ஆள் நான்தான். என்னை நெல் குதிருக்குப் பின்னால் இருட்டில் நிற்கவைத்து, திடீரென்று வெயிலுக்கு இழுத்து வந்து, என் கண்மணி சுருங்குகிறதா என்று மூக்கோடு மூக்கு உரசப் பார்ப்பாள். ஊற வைத்த பட்டாணியைக் கண்ணாடி டம்ளருக்குள் ஈரத் துணியோடு ஒட்டவைத்து அது எந்தப் பக்கம் வேர் விடுகிறது என்று சோறு தண்ணி மறந்து உட்கார்ந்திருப்பாள். இவ புத்தகத்தையே துன்னுடுவா என்று அம்மா திட்டுவாள். திட்டுகிறபோதே டம்ளரை எட்டிப் பார்ப்பாள்.

நைனாவுக்கும், அப்பாவை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம், அந்தப் புத்தகம் பிடித்திருந்தது. ஆனால் அவருக்குப் பிடித்தது வேறு காரணத்துக்காக. ஊரில் தமிழ்ப் பக்கம் சேர வேண்டும் என்று பேசியவர்களில் அவர் முன்னால் நின்றவர். தமிழில் மேல்படிப்புக்குப் புத்தகம் ஏது என்று புத்தூர் டீக்கடையில் யாரோ அவரை மடக்கியிருக்கிறார்கள். அதிலிருந்து எங்கே கூட்டம் நடந்தாலும் இந்தப் புத்தகத்தைத் துண்டில் சுற்றி எடுத்துப் போய்விடுவார். எஞ்சின் படத்தையும் இதயப் படத்தையும் விரித்துக் காட்டி, நம்ம பாஷையில இல்லாதது இன்னா கீது என்று கேட்பாராம். நாகலாபுரம் வரைக்கும் அது போய் வந்திருக்கிறது. அக்கா ராத்திரி சாப்பிடாமல் வாசலில் காத்திருப்பாள், அவருக்காக அல்ல, புத்தகத்துக்காக. பக்கத்துக்கு ஒரு டீக்கறையோடு திரும்பி வரும். நைனா அதை ஒரு பக்கமும் படித்ததில்லை. படிக்கத் தெரியாதவரல்ல. கொடியைப் படிக்கவேண்டும் என்று யாருக்குத் தோன்றும்? அவருக்கு அது கொடி.

மாசி மாதத்தில் கோயிலெதிரே கூடி, நைனா சொன்னபடி ஊர் ஒரு கட்டு போட்டது. சித்தூரிலிருந்து காகிதத்தோடு எவன் வந்தாலும் யாரும் பேர் சொல்லக்கூடாது. பேரைத் தெலுங்கில் எழுதிக் கைநாட்டு வாங்கிக்கொண்டு, இத்தனை குடி தெலுங்குக் குடி என்று மேலே காட்டிவிடுவார்கள் என்ற பயம் எப்படியோ பரவியிருந்தது. பக்கத்து ஊரில் நடந்தே விட்டது என்றார்கள். எந்தப் பக்கத்து ஊர் என்று கேட்டவர் யாருமில்லை. பிள்ளைகள் தலையை எண்ணிவிடக் கூடாது என்று, ஆள் வந்தால் பிள்ளைகளை மாட்டுக் கொட்டகையில் அடைத்துவிடச் சொன்னது நைனா.

ஆள் வந்தார். ஒல்லியான மனிதர், காக்கிப் பை, கையில் தடித்த பதிவுப் புத்தகம். கூடவே ஊர்க் கணக்கு எழுதும் கர்ணமும் வந்தார். வீட்டுக்கு வீடு நின்று, அம்மை குத்தவேண்டும், பிள்ளைகள் பேர் சொல்லுங்கள் என்று தெலுங்கில் கேட்டார். எல்லா வீட்டிலும் ஒரே பதில், பிள்ளைகள் ஊரில் இல்லை. தெரு முழுக்கக் கோழியும் நாயும்தான் நின்றன. கொட்டகைக்குள் நாங்கள் பதினைந்து இருபது பேர் வாயைப் பொத்திக்கொண்டு, அதை ஒரு விளையாட்டாக நினைத்துச் சிரித்துக்கொண்டிருந்தோம்.

அக்கா சிரிக்கவில்லை. ஓலை இடுக்கு வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். எதிரே கர்ணம் வீட்டு வாசலில் அந்த மனிதர் சின்ன விளக்கைக் கொளுத்தி, பல் வைத்த வட்டத் தகடு ஒன்றை அதில் சுட்டு ஆறவைத்து, கர்ணத்தின் பிள்ளைகளுக்கு வரிசையாகக் கையில் வைத்துத் திருகினார். அக்கா கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே ஓடினாள். நைனா வழியிலேயே அவளைப் பிடித்துவிட்டார்.

"அவரு எல்லைக்காரரு இல்ல நைனா. நம்ம புஸ்தகத்துல கீது, மாட்டம்மைப் பக்கத்துல. அதே விளக்கு, அதே தகடு."

"அம்மைன்னு சொல்லிக்கினு பேர் எழுதிக்கினு போவாங்க. உனக்கு இன்னா தெரியும், உள்ள போ."

அன்றைக்குச் சாயங்காலம் அவள் அந்தப் பக்கத்தை அவருக்கு உரக்கப் படித்துக் காட்டினாள். பால் கறக்கும் பெண் ஒருத்தியின் படம், கையில் கொப்புளம். மாட்டம்மை வந்தவளுக்குப் பெரியம்மை வராது, அதனால் அந்தக் கொப்புளத்துப் பாலை எடுத்துக் கையில் கீறி ஏற்றுகிறார்கள் என்று போட்டிருந்தது. நைனா தன் கைத் தழும்பைத் தடவிக்கொண்டே கேட்டார். அவருக்கும் சின்ன வயதில் குத்தியதுதான். எங்கள் வயதுப் பிள்ளைகளுக்குத்தான் யுத்த காலத்தில் குத்தாமலே விட்டுப்போயிருந்தது. கேட்டு முடித்ததும், எல்லை முடியட்டும், எல்லாருக்கும் குத்திக்கலாம் என்றார். மறுநாள் புத்தகத்தை எடுத்துக்கொண்டு வடமாலபேட்டைக் கூட்டத்துக்குப் போனார்.

அம்மை சித்திரையில் வந்தது. எங்கள் தெருவில் முதலில் இரண்டு வீடு தள்ளி ஒரு சின்னப் பையனுக்கு, அப்புறம் கடைசி வீட்டுப் பெண்ணுக்கு. மூன்றாவது அக்கா. அம்மா வாசலில் வேப்பிலை செருகினாள். வீட்டில் தாளிப்பதை நிறுத்தினாள். அம்மா வந்திருக்காங்க என்று கும்பிட்டுக்கொண்டு, பெற்ற பெண்ணையே வாங்க போங்க என்று பேசினாள். நோய் என்று சொல்லக்கூடாது, வைத்தியம் என்று வாயெடுக்கக்கூடாது. திருப்பதி ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போகலாம் என்று பார்க்க வந்த மாமா ஒரே ஒரு தரம் சொன்னார், அம்மா அவரைச் சாபம் விடாத குறை. அக்கா வாழையிலையில் கிடந்தாள். உடம்பு முழுக்க, உள்ளங்காலில்கூட, கண்ணுக்குள்கூட. என்னைக் கிட்டே விடவில்லை. நான் வாசற்படியில் உட்கார்ந்துகொண்டு அவள் முனகுவதைக் கேட்டேன். என்னையும் கொஞ்சம் தொட்டுப்பார்த்துவிட்டு, பத்துப் பதினைந்து முத்தோடு விட்டுவிட்டுப் போனது. எனக்கு வந்தது பெரியம்மை இல்லை, வெறும் விளையாட்டம்மைதான் என்று பிற்பாடு சொன்னார்கள்.

அந்தப் பையன் இறந்தான். கடைசி வீட்டுப் பெண்ணும் போனாள். அக்கா பிழைத்தாள். மூன்றாம் தண்ணீர் ஊற்றிய அன்று அவளைச் சுவரோரம் உட்காரவைத்து அம்மா அழுதுகொண்டே முகத்தைத் துடைத்தாள். இரண்டு கண்ணிலும் பூ விழுந்துவிட்டிருந்தது. விளக்கு ஏற்றியாச்சா என்று அக்கா கேட்டாள். அப்போது நடுப்பகல்.

அதற்குப் பிறகு நான் படித்தேன், அவள் கேட்டாள். படங்கள் எல்லாம் அவளுக்கு மனப்பாடம். நான் நீலம் என்றால், அது கருநீலம்டி, ஓரத்துல வெள்ளை இருக்கும் என்று திருத்துவாள். நைனா கூட்டங்களுக்குப் போவதை நிறுத்திவிட்டார். ஒருநாள் அவர் அந்தப் புத்தகத்தைப் பால்காரிப் படத்தில் விரித்து வைத்துக்கொண்டு கொட்டகை ஓரம் குந்தியிருந்ததைப் பார்த்தேன். உதடு அசைந்துகொண்டிருந்தது, ஒவ்வொரு சொல்லாக நிறுத்திப் படித்துக்கொண்டிருந்தார். எனக்கு அவர்மேல் இரக்கம் வரவில்லை. எரிச்சல்தான் வந்தது. இப்போதும் அதை மாற்றிச் சொல்ல மனசில்லை.

எல்லை ஒருவழியாக முடிந்தது. எங்கள் வீட்டுக் கதவை அதற்காக யாரும் வந்து தட்டவில்லை. முன்பே எடுத்து வைத்திருந்த மக்கள் கணக்கை வைத்துக்கொண்டு எங்கேயோ உட்கார்ந்து பிரித்தார்கள் என்று பிற்பாடு தெரிந்தது. சில ஊர் தமிழ்ப் பக்கம் போனது, எங்கள் ஊர் ஆந்திராவிலேயே நின்றது. நாங்கள் பேர் சொல்லியிருந்தாலும் அப்படித்தான் நின்றிருக்கும்.

அதற்குள்ளேயே, அம்மை வந்து போன மறு தை மாதத்தில், அதே காக்கிப் பைக்காரர் திரும்ப வந்திருந்தார். இந்தத் தடவை யாரும் கதவைச் சாத்தவில்லை. முன்னால் போகவும் இல்லை. பிள்ளைகளைக் கையில் பிடித்துக்கொண்டு எல்லோரும் நைனாவையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஊர்க்கட்டு இன்னும் அப்படியே இருந்தது, போட்டவர்தான் எடுக்கவேண்டும். நைனா கொட்டகை வாசலில் தலையைக் குனிந்துகொண்டு நின்றார்.

அக்கா சுவரைத் தடவிக்கொண்டு வெளியே வந்தாள். என் தோளைத் தேடிப் பிடித்துத் தள்ளிக்கொண்டு போய் அந்த மனிதரின் முன்னால் நிறுத்தினாள், என் கையைத் தூக்கிக் கொடுத்தாள். அவர் பேர் கேட்டார். அக்கா தெலுங்கில் பதில் சொன்னாள், என் பேர், நைனா பேர், என் வயது. அத்தோடு நிற்கவில்லை. அடுத்த வீட்டில் யார் யார், அதற்கடுத்த வீட்டில் யார் யார் என்று வீட்டு வரிசையிலேயே தெருப் பிள்ளைகள் பேரையெல்லாம் சத்தமாகச் சொல்லிக்கொண்டு போனாள். அவர் குனிந்தபடி எழுதிக்கொண்டே வந்தார். இரண்டு வீடு தள்ளி வந்தபோது ஒரு மூச்சு நிறுத்தி, அதைத் தாண்டி அடுத்த வீட்டுக்குப் போனாள். கடைசி வீட்டுக்கு ஒன்றும் சொல்லவில்லை. பின்னால் பெண்கள் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு வரிசையில் வந்து நிற்கத் தொடங்கியிருந்தார்கள்.

எழுதி முடித்த பிறகுதான் அவர் நிமிர்ந்து அவளைப் பார்த்தார். உடனே கண்ணை எடுத்துக்கொண்டார். உன் பேர் என்னம்மா என்று கேட்டார்.

அதுவரை தெலுங்கில் பேசியவள் கொட்டகைப் பக்கம் முகத்தைத் திருப்பித் தமிழில் சொன்னாள்.

"என் பேரு வாணாங்க. எனக்கு வந்துட்டுப் போயிடுச்சு."