டிலோஜனின் பல்லில் வெள்ளைத் திட்டு

சம்பந்தம் பேச வந்த வீட்டில் மாப்பிள்ளையை வாயைத் திறந்து காட்டச் சொன்ன மனிதரை விடத்தல்தீவில் அதற்கு முன் யாரும் கண்டதில்லை.

யாகப்பர் வங்காலையில் இரண்டு மீன்பிடி போட் வைத்துத் தொழில் செய்பவர். அவருடைய மகள் ஜெசிக்காவும் டிலோஜனும் ஒருவரை ஒருவர் விரும்பியிருந்தார்கள். நாள் குறிக்கத்தான் அவர் வந்திருந்தார். பேச்சின் நடுவில் எதற்கோ டிலோஜன் சிரித்தான். யாகப்பர் கையிலிருந்த கேக் துண்டைத் தட்டில் வைத்தார்.

"தம்பி, கோவிக்காதையும். மேல்சொண்டை ஒருக்காத் தூக்கிக் காட்டும்."

டிலோஜன் விளங்காமல் மேலுதட்டைத் தூக்கிக் காட்டினான். மேல்வரிசை முன்பற்கள் நான்கிலும், முரசுத் தசையை ஒட்டி, சோக்குக்கட்டியால் கீறியதுபோல வெள்ளைத் திட்டுகள்.

"ஐஸ் பாவிக்கிறனீரோ?"

தேத்தண்ணியோடு வந்த டிலோஜனின் தாய் திரேசம்மா கதவடியிலேயே நின்றுவிட்டார். டிலோஜனுக்குக் காது இரண்டும் சுட்டன. எழுந்து வெளியே போயிருப்பான். ஆனால் யாகப்பரின் முகத்தில் இளக்காரம் இல்லை, பயம்தான் இருந்தது. அவருடைய மூத்த மகன் டினேஷ் ஐஸ் போதையில் விழுந்து, புனர்வாழ்வு நிலையத்தில் இருப்பது ஊரறிந்த சங்கதி. அவனுக்கும் முதலில் பல்தான் வெளுத்தது. பிறகு கறுத்து, உடைந்தது. இனிப்புத் தின்கிறான் என்றே தகப்பன் கடைசிவரை நினைத்திருந்தார்.

"நான் தொட்டதே இல்லை. எந்த டொக்டரிட்ட எண்டாலும் கூட்டிக்கொண்டு போய்க் காட்டுங்கோ" என்றான் டிலோஜன்.

அன்று பின்னேரம் ஜெசிக்கா போன் எடுத்தாள். "அப்பாவை விடுங்கோ. எனக்கு மட்டும் சொல்லுங்கோ. ஒருக்காலும் இல்லைத்தானே?"

தகப்பன் கேட்டதைவிட இதுதான் அவனைக் குத்தியது. பதில் சொல்லாமல் போனை வைத்துவிட்டான்.

மறுநாள் மன்னாருக்குப் போன பஸ்ஸில் யாகப்பரும் டிலோஜனும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தார்கள். பல் டொக்டர் பஸ்லான் கொழும்பில் படித்துவிட்டு வந்து ஊரிலேயே கிளினிக் போட்டிருந்தவர். காற்றை அடித்துப் பல்லைக் காயவைத்தார். திட்டுகள் இன்னும் பளிச்சென்று தெரிந்தன. இரவில் கடலுக்குப் போகிறவன் என்று டிலோஜன் சொன்னதும் டொக்டர் கேட்டார்.

"கடலில நித்திரை வராமல் இருக்க என்ன குடிக்கிறனீங்கள்?"

"சோடா. ரின்னில வாற எனர்ஜி டிரிங்கும்."

"ஒரேயடியா?"

"இல்லை. வலையைப் போட்டுட்டு விடியுமட்டும் கொஞ்சம் கொஞ்சமா."

பதினேழு வயதிலிருந்து அவன் நண்டு வலைக்குப் போகிறவன். போத்தல் எப்போதும் காலடியில் இருக்கும். கரைக்கு வந்ததும் பல் தீட்டாமலே படுத்துவிடுவான்.

"அதுதான் விசயம்" என்றார் டொக்டர். "சீனியும் புளிப்பும் சேர்ந்து பல்லிலை இருந்த சுண்ணாம்புச் சத்தைக் கரைச்சிருக்கு. மேலுக்கு ஓட்டை விழேல்லை. பல்லின்ரை மேல்தோலுக்குக் கீழ சின்னச் சின்னத் துவாரம். வெளிச்சம் அதுக்குள்ள சிதறுறதாலை வெள்ளையாத் தெரியுது."

யாகப்பர் முன்னுக்கு வந்தார். "அப்ப ஐஸ் இல்லையெண்டு உறுதியாச் சொல்லுவீங்களோ?"

டொக்டர் கையுறையைக் கழற்றினார். "சோடாவாலை வந்தமாதிரித்தான் இருக்கு. ஆனால் பல்லைப் பார்த்து ஆளைச் சொல்ல ஏலாது. அதுக்குச் சலம் சோதிக்கவேணும்."

டொக்டரின் வாயிலிருந்து 'இல்லை' என்ற சொல் வரும் என்று நம்பித்தான் டிலோஜன் வந்திருந்தான். கதிரையை விட்டு எழுந்து, "வாங்கோ, சோதிப்பம்" என்றான். அன்றே அவனுடைய சிறுநீரைச் சோதித்தார்கள். ஒன்றும் இல்லையென்று வந்தது.

யாகப்பர் தலையைக் குனிந்துகொண்டு நின்றார். "தம்பி, இண்டைக்கு இல்லை எண்டுதானே இது சொல்லுது" என்றார்.

கல்யாணப் பேச்சு அப்படியே நின்றது. டிலோஜன் சோடாவை விட்டான், தண்ணீரும் வெறுந்தேத்தண்ணியும் கொண்டுபோனான், டொக்டர் கொடுத்த பசையால் இரண்டு நேரமும் பல் தீட்டினான். திட்டு மேலும் பரவாமல் நின்றபிறகுதான் வெள்ளையை மறைக்கிற மருந்தைத் திட்டுக்குள் விடலாம் என்று டொக்டர் சொல்லியிருந்தார். சில விடியல்களில், அவன் கரைக்கு வரும்போது யாகப்பர் சொல்லாமல் கொள்ளாமல் அங்கே நிற்பார். நண்டு வாங்க வந்தவர்போல நின்று அவனுடைய கண்ணையும் கையையும் பார்ப்பார். நடுங்குகிறதா என்று பார்க்கிறார் என்பது டிலோஜனுக்குத் தெரியும். ஒருநாள் பொறுக்க முடியாமல், எல்லோரும் பார்க்க, இரண்டு கையையும் அவர் முகத்துக்கு நேரே நீட்டினான். அவர் திரும்பி நடந்து போய்விட்டார்.

சிகிச்சை நாளில் யாரும் கூப்பிடாமலே யாகப்பரும் வந்திருந்தார். டொக்டர் அவரை மூலையில் இருக்க விட்டார்.

ஊசி இல்லை, துளைக்கிற மெசின் இல்லை. முரசு படாமல் ரப்பர் விரிப்பை மாட்டி, திட்டுகளின்மேல் அமிலப் பசையைப் பூசினார் டொக்டர். "மேல்தோலைத் திறந்தால்தான் மருந்து உள்ளுக்குப் போகும். முரசிலை பட்டாப் புண்ணாக்கும். ஆடாதேங்கோ." டிலோஜன் கதிரையின் பிடியை இறுக்கிக்கொண்டான். கழுவி, காயவைத்து, ஸ்பிரிட் தடவினார். இப்போது வெள்ளை மங்கினால் மருந்து உள்ளே ஊறும் என்று அர்த்தம்.

மங்கவில்லை.

திரும்பவும் பசை. திரும்பவும் கழுவல். இரண்டு பல்லில் கொஞ்சம் மங்கியது, மற்ற இரண்டும் அப்படியே நின்றன. "இன்னும் ஒருதரம்தான் செய்யலாம். அதுக்கு மேல பல்லுத் தாங்காது" என்றார் டொக்டர். டிலோஜன் பேச முடியாமல் கண்ணை மட்டும் மூடித் திறந்தான். மூலையில் யாகப்பர் எழுந்து நின்றுவிட்டார். அவருடைய விரல்களில் செபமாலை நகரும் சத்தம் கேட்டது.

மூன்றாம் தடவை ஸ்பிரிட் பட்டதும் டொக்டர் குனிந்து வெகுநேரம் பார்த்தார். "போகுது" என்றார். பிறகு தண்ணீர்போன்ற மருந்தைத் தடவி, அது ஊறும்வரை காத்திருந்து, நீல வெளிச்சத்தால் இறுக வைத்தார். கடைசியில் மூன்று திட்டுகள் தெரியவில்லை. நாலாவதில் ஒரு சாயல் மிஞ்சியது. அது ஆழம் என்றும், இதற்குமேல் தொடமாட்டேன் என்றும் டொக்டர் சொல்லிவிட்டார்.

வெளியே வந்ததும் டிலோஜன் நின்றான். "மாமா, வெள்ளை போயிட்டுது. ஆனால் உங்கட சந்தேகத்துக்கு இந்த டொக்டரிட்ட மருந்தில்லை. இனிக் கேக்கிறதெண்டால் என்னைத் தனியக் கூப்பிட்டுக் கேளுங்கோ. சனத்துக்கு முன்னால வேண்டாம்."

யாகப்பர் செபமாலையைச் சட்டைப் பைக்குள் வைத்தார். "டினேஷிட்ட நான் தனியவும் கேக்கேல்லை. சனத்துக்கு முன்னாலயும் கேக்கேல்லை. கேட்டிருந்தால்…" முடிக்காமல் விட்டார். பிறகு, "வாற ஞாயிறு அவனைப் பாக்கப் போறன். தனியப் போக மனம் ஏவுதில்லை. வாறீரோ?" என்றார்.

டிலோஜனின் கோபம் முழுக்கத் தீர்ந்திருக்கவில்லை. பஸ் ஸ்டாண்ட் வரை நடந்தபிறகுதான், "வாறன்" என்றான். பஸ்ஸில் ஏறியதும் ஜெசிக்காவுக்குப் போன் எடுத்து, அன்று அவள் கேட்டதற்குச் சொல்லாமல் விட்ட பதிலைச் சொன்னான்: "ஒருக்காலும் இல்லை."