கேம் செட்டுக்குச் சுகர் வந்த கதை

மாப்பிள்ளையூரணியில் என் வகுப்புத் தோழியின் வீட்டுக்குப் போயிருந்தபோதுதான் அதைப் பார்த்தேன். கையில் பிடித்து விளையாடிக்கொண்டிருந்த கேம் செட்டை அவள் கட்டிலில் அப்படியே போட்டுவிட்டுத் தண்ணீர் குடிக்க எழுந்து போனாள். திரையில் இருந்த பயல் நின்ற இடத்திலேயே நின்றான். கொட்டாவி விட்டான், தொப்பியைச் சரிசெய்தான், கால் மாற்றி நின்றான். ஆனால் நகரவில்லை. எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. யாரும் தொடாமல் அவன் சும்மா நிற்பதை நான் அதுவரை பார்த்ததே கிடையாது.

"ஏளா, உங்க பய நிக்கான்!" என்று கத்தினேன்.

"நிக்காம? ஓடவா செய்வான்?" என்று அடுக்களையிலிருந்து பதில் வந்தது.

எங்கள் வீட்டில் ஓடத்தான் செய்வான். இதே கேம், தலையில் வாளியைக் கவிழ்த்த மாதிரித் தொப்பி போட்ட இதே பயல், தீவு விட்டுத் தீவு தாண்டிப் போகவேண்டும். எங்கள் செட்டில் மட்டும், கையை எடுத்த நொடியே இடப்பக்கமாக நடக்கத் தொடங்கி, கரை முடிந்ததும் ஒரு கவலையும் இல்லாமல் கடலில் இறங்கிச் செத்துப்போவான். வாங்கிய புதிதில் இப்படி இல்லை, போகப்போக வந்தது. மாமாவிடம் கேட்டதற்கு, "அது நீவாடுளா. கடல்னா ஒரு பக்கமா இழுக்கத்தான் செய்யும். எதிர்ப்பக்கம் பிடிச்சுக்கிட்டே போ" என்று சொல்லிவிட்டார். கடலுக்குள் ஓடும் நீரோட்டத்துக்கு எங்கள் பக்கம் நீவாடு என்று பெயர். கப்பலில் வேலை பார்த்தவர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று நானும் பயலை நகர்த்தும் குமிழான ஸ்டிக்கை எப்போதும் வலப்பக்கம் சாய்த்துப் பிடித்தே விளையாடிவந்தேன். கேம் செய்தவர்களின் அறிவை வியக்கவும் செய்தேன். நீவாட்டைக்கூட விடாமல் உள்ளே வைத்திருக்கிறார்களே!

இதைச் சொன்னதும் தோழி சிரித்த சிரிப்பில் குடித்த தண்ணீர் மூக்கில் ஏறிவிட்டது. "நீவாடுமில்ல, மண்ணாங்கட்டியுமில்ல. ஸ்டிக் போயிட்டுளா. ட்ரிஃப்ட்டும்பாங்க. எங்க அண்ணனோடதும் இப்படித்தான் நடந்துச்சு, கடையில குடுத்து மாத்துனோம்."

அப்படியானால் அது கடல் இல்லை, கோளாறு. கோளாறு என்றால் சரிசெய்யலாம்! அந்த எண்ணம் வந்த நிமிடத்திலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. சைக்கிளை மிதித்த மிதியில் வீடு வந்ததே தெரியவில்லை. அப்போது நான் ஏழாம் வகுப்பு.

மாமா என்றால் அம்மாவின் தம்பி. சரக்குக் கப்பலில் இருந்தவர். ஒரு ஒப்பந்தம் முடிந்து ஊருக்கு வரும்போதுதான் சிங்கப்பூரிலிருந்து எனக்கு அந்தச் செட்டை வாங்கிவந்தார். அடுத்த கப்பல் ஏறுவதற்கு முன் கம்பெனி எடுத்த மெடிக்கலில் அவருக்குச் சுகர் ஏகத்துக்கும் ஏறியிருந்தது. குறைத்துக்கொண்டு வா, பிறகு பார்க்கலாம் என்று அனுப்பிவிட்டார்கள். அன்றிலிருந்து எங்கள் வீட்டில்தான் இருந்தார்.

அம்மா அவருடைய சுகர்மேல் படையெடுத்தாள் என்றே சொல்லவேண்டும். காலையில் வெந்தயத் தண்ணீர், மத்தியானம் கேப்பைக் களி, ராத்திரி பாகற்காய், சாயங்காலம் பீச் ரோட்டில் நடை. வீட்டில் சீனி டப்பாவே இல்லாமல் போய், ஒரு பாவமும் அறியாத நானும் அப்பாவும் சேர்ந்து கசப்புக் காப்பி குடித்தோம். மாமா கப்பல் ஏறினால்தான் அவருக்கென்று எங்கள் வீட்டின் மேல் தொடங்கி, கம்பி நீட்டிக்கொண்டு நிற்கும் மாடி எழும்பும். கல்யாணப் பேச்சு வேறு நடந்துகொண்டிருந்தது. பெண் வீட்டாரிடம் அம்மா "தம்பி கப்பல்ல இருக்கான்" என்று சொல்லியிருந்தாள். அது "இருந்தான்" என்று ஆகிவிடக் கூடாதே என்று அவளுக்குத் தூக்கம் போயிருந்தது.

இத்தனை செய்தும் மாமாவின் சுகர் இறங்கவில்லை. லேபிலிருந்து ஒவ்வொரு முறை தாள் வரும்போதும் அம்மா அதை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்ப்பாள், பின்பக்கம் வேறு எண் இருக்கும் என்பது போல. "அப்படி என்னதான் இருக்கோ உன் ரத்தத்துல!" என்பாள். மாமா சிரித்துக்கொண்டே செட்டை எடுத்துக்கொண்டு மாடிப்படிக்குப் போய்விடுவார். அம்மா ஒரு கப்பல் ஏஜென்ட் ஆபீசில் வேலை பார்த்தாள், அப்பாவுக்குத் துறைமுகத்தில் ஷிஃப்ட். நான் பள்ளிக்கூடம் விட்டு வரும்வரை மாமாவும் செட்டும்தான் வீட்டில்.

கடையில் கொடுக்கலாம் என்று நான் குதித்தபோது மாமாவுக்கு அதில் இஷ்டமே இல்லை.

"கடைக்காரன் திறந்தான்னா உள்ள இருக்க நல்ல சாமானையெல்லாம் உருவிருவான்ளா. கெடக்கட்டும். நீவாடு இல்லாம என்ன கடலு?"

"அது நீவாடே இல்ல மாமா! உங்களுக்கு ஒண்ணும் தெரியல!"

"ஆமா, உலகத்தைச் சுத்துனவன் எனக்குத் தெரியாது. மாப்பிள்ளையூரணிக்குப் போயிட்டு வந்தவளுக்குத் தெரியும்."

நான் அம்மாவைப் பிடித்துக்கொண்டேன். கேம் என்றாலே எரிந்து விழும் அம்மா, ஆச்சரியமாக, உடனே சரி என்றாள். மறு மெடிக்கலுக்கு நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. "கையில ஒரு சோலி இருந்தாத்தான் அவன் வாய் சும்மா கெடக்கும்" என்று அப்பாவிடம் அவள் சொன்னது என் காதில் விழுந்தது. சனிக்கிழமை மூன்று பேருமாக ஆட்டோவில் போனோம். மாமா வழியெல்லாம் வெளியே பார்த்துக்கொண்டே வந்தார்.

பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு மாடிக் கடை. போன், லேப்டாப், கேம் செட் எல்லாம் பார்ப்பார்கள். அந்தக் கடைக்கார அண்ணனுக்குத் தன் வேலைமேல் கொஞ்சம் பெருமை உண்டு. மேசையில் ஒரு மைக்ரோஸ்கோப். அதில் தெரிவதெல்லாம் சுவரில் மாட்டியிருந்த பெரிய டிவியிலும் தெரியும். வாடிக்கையாளர் கண்ணால் பார்த்துத் திருப்திப்படவேண்டுமாம். செட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"சார்ஜ் ஏறலன்னா நம்ம ஊரு உப்புக்காத்து. முதுகு வீங்கியிருந்தா பேட்டரி. தானா நடந்தா ஸ்டிக்கு. நூத்துக்குத் தொண்ணூறு இதுல ஒண்ணுதான்க்கா வரும்" என்று அம்மாவிடம் சொல்லிக்கொண்டே கண்ணுக்குத் தெரியாத திருகாணிகளைக் கழற்றிக் காந்தத் தட்டில் வரிசையாக வைத்தார். மூடியைத் தூக்கி, உள்ளிருந்த ஸ்டிக்கின் அடிப்பாகத்தை மைக்ரோஸ்கோப்புக்கு அடியில் தள்ளினார்.

டிவியில் வெள்ளை வெள்ளையாகக் குவியல்கள் தெரிந்தன. வெயிலில் மின்னும் உப்பளம் போலவே இருந்தது. நடுவில் ஒரு செத்த எறும்பு, நண்டு அளவுக்கு.

"உப்புதானே தம்பி? கடல் காத்து" என்றாள் அம்மா.

"உப்புன்னா பச்சை பூத்திருக்கும்க்கா. எறும்பும் வராது." அவர் ஒரு துளியை ஊசி முனையில் எடுத்து உருட்டினார். "இது சுகர் கேசு."

அம்மா திடுக்கிட்டு நிமிர்ந்தாள். "யாருக்கு?"

"செட்டுக்குத்தான்க்கா!" தன் நகைச்சுவையில் அவருக்கே சிரிப்புத் தாங்கவில்லை. "சீனி உள்ள போயி, இளகி, சென்சார்ல ஒட்டிக்கிடுச்சு. இந்தா, முந்திரிப்பருப்புத் தூளு வேற. மக்ரூனேதான்! நம்ம ஊர்ல இது ஒரு தொந்தரவுக்கா, தொட்டா உதிரும். வாரத்துக்கு ஒண்ணு வரும். ஆனா இந்த அளவுக்கு நான் பாத்ததில்ல. யாரோ உக்காந்து டப்பா டப்பாவா தின்னுருக்காங்க." பிறகு என்னைப் பார்த்துக் கண்ணடித்தார். "என்ன பாப்பா, தின்னுட்டு கை கழுவ மாட்டியோ?"

சீனியும் முந்திரியும் சேர்த்துச் சுடும் எங்கள் ஊர் மக்ரூனை நான் கண்ணால் பார்த்தே பல மாதம் ஆகியிருந்தது. வாயைத் திறந்தேன். அதற்குள் அம்மா சொல்லிவிட்டாள்:

"இவதான் தம்பி. சொன்னா கேக்க மாட்டா."

நான் அம்மாவைப் பார்த்தேன். அவள் டிவியையே பார்த்துக்கொண்டிருந்தாள். மாமாவைப் பார்த்தேன். அவர் வாசலில் போய் நின்று, கீழே போகும் பஸ்களை எண்ணுகிறவர் போல நின்றார். மக்ரூன் யார் தின்றது என்பது எனக்குக்கூட விளங்கிவிட்டது. அம்மாவுக்கு விளங்காமல் இருக்குமா?

"சரிபண்ணிரலாமா?" என்று அம்மா கேட்டாள்.

"கிளீன் பண்ணிட்டு ஸ்டிக்கைப் புதுசா போட்டுத் தாரேன். ஆனா வைத்தியம் மட்டும் போதாதுக்கா, பத்தியமும் இருக்கணும்."

"இருப்பான்" என்றாள் அம்மா. பிறகு "இருப்பா" என்று திருத்திக்கொண்டாள்.

வீட்டுக்குள் நுழைந்ததும் நான் வெடித்தேன். "நான் திங்கவே இல்ல!"

"தெரியும். போய் கைகால் கழுவு."

தெரிந்துகொண்டே ஒரு அந்நியர் முன்னால் என்னைக் காட்டிக்கொடுப்பார்களா? எனக்கு ஆற மாட்டேன் என்றது. மாமா மாடிப்படியில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"கோவமாளா?"

"சுகரை வச்சுக்கிட்டு எதுக்கு மாமா தின்னிய?"

"நாக்கு கேக்குதே, என்ன செய்ய?" என்றார். இவ்வளவு பெரிய ஆளுக்கு நாக்கு இவ்வளவு நீளமா என்று நினைத்துக்கொண்டேன். ஆனாலும் பாவமாக இருந்தது. மன்னித்துவிட்டேன்.

செட் திரும்பி வந்தது. பயல் நின்றான்! கையை எடுத்தாலும் நின்றான், மேசையில் வைத்தாலும் நின்றான். வீடு வீடாகப் போய்க் காட்டிவிட்டு வந்தேன். ஆனால் மாமா விளையாடினால் மட்டும் அவன் வலப்பக்கமாகப் போய்க் கடலில் விழுந்தான். இல்லாத நீவாட்டுக்கு அவர் விரல் இன்னும் எதிர்த்துப் பிடித்துக்கொண்டிருந்தது. விழுந்து விழுந்து சிரித்தோம். விழுகிற சத்தம் கேட்கும்போது மட்டும் மாமா கண்ணை மூடிக்கொள்வார். தோற்பது அவருக்குப் பிடிக்காது என்று நினைத்தேன்.

அம்மா ஆபீசில் கெஞ்சிக் கூத்தாடி மத்தியானமும் வீட்டுக்கு வர ஆரம்பித்தாள். சாயங்கால நடைக்கு என்னைக் காவலுக்கு அனுப்பினாள். சுகர் இறங்கியது. மாமா மெடிக்கலில் தேறினார். அம்மா மாதா கோவிலில் மெழுகுவத்தி ஏற்றினாள். கப்பல் வந்தது, மாமா ஏறினார். அடுத்த லீவில் கல்யாணம், அதற்கடுத்த லீவில் மாடி. எல்லாம் நினைத்தபடியே நடந்தது. இன்றுவரை கப்பலில்தான் இருக்கிறார்.

நான் இப்போது எலக்ட்ரானிக்ஸ் கடைசி வருஷம். போன வாரம் அதே செட்டை அலமாரியிலிருந்து எடுத்தால் முதுகு வீங்கியிருந்தது. பேட்டரி. வீங்கிய பேட்டரியை வீட்டில் வைத்து நோண்டக் கூடாது என்கிற அளவுக்குப் படித்திருக்கிறேன். கடைக்குக் கொண்டுபோகத் துணியில் சுற்றிக்கொண்டே அம்மாவைச் சீண்டினேன். "இந்தத் தடவை யாரை மாட்டிவிடப் போறிய? அன்னைக்கு மாமா நாக்குக்காக என்னைய மாட்டிவிட்டிய."

அம்மா சிரிப்பாள் என்று நினைத்தேன்.

"நாக்கா? அவனுக்குச் சின்னதுலருந்தே இனிப்பு ஆகாது. பிறந்தநாள் கேக்குல கிரீமை வழிச்சுப் போட்டுட்டுத் திங்கிறவன்." மடித்துக்கொண்டிருந்த சேலையை அம்மா மடியில் வைத்தாள். "அவன் வாய்க்காவ திங்கலளா. சுகர் இறங்கக் கூடாதுன்னு தின்னான். கப்பலுக்குப் போவக் கூடாதுன்னு. அந்த டிவியில பாத்ததுமே எனக்குத் தெரிஞ்சுபோச்சு."

"பிறகு ஏம்மா அனுப்புனிய? எதுக்குப் போகமாட்டேன்னாரு? என்ன நடந்துச்சாம் அங்க?"

"நான் கேக்கவே இல்ல" என்றாள் அம்மா. "கேட்டுட்டா அனுப்ப முடியாதுல்லா."

ஏழாம் வகுப்பில் இருந்த நான் அந்தப் பெரிய திரையில் எறும்பைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அவ்வளவு பெரிய ஆள் வாய்விட்டுச் சொல்ல முடியாத ஒன்றைத் தின்று தின்று சொல்லிக்கொண்டிருந்தார். வீடு முழுக்கச் சேர்ந்து அதைக் குணப்படுத்தி அனுப்பிவைத்தோம், நானும் காவலுக்குப் பக்கத்தில் நடந்து.

வரும் வாரம் மாமா லீவில் வருகிறார். கப்பல்காரர் யார் ஊருக்கு வந்தாலும் எங்கள் தெருவில் இரண்டே கேள்விதான்: "எப்ப வந்திய? எப்ப ஏறுதிய?" பெட்டியைக் கீழே வைப்பதற்குள் கேட்டுவிடுவார்கள். அதனால் மதுரை ஏர்போர்ட்டுக்கு நானே போகப்போகிறேன். வேறு யாரும் வாயைத் திறப்பதற்கு முன் நான் கேட்கவேண்டும்.

"ஏறணுமா மாமா?"