விழவில்லை என்று சொன்னவள்

போத்தலில் இருந்தது பால் விடாத பிளேன்டீயின் நிறம். ஓர் இளம் பெண்ணின் சிறுநீர் அது. கல்முனைப் பக்கத்து வைத்தியசாலை ஒன்றின் ஆய்வுகூடத்தில் நான் வேலைக்குச் சேர்ந்த புதிது. எங்கள் பிரிவுக்குப் பொறுப்பான இரசாயனவியலாளரை எல்லோரும் சேர் என்றே அழைப்போம். அவர் போத்தலை யன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். நுணுக்குக்காட்டியில் இரத்தக் கலம் ஒன்றுகூட இல்லை. ஆனால் அவளது இரத்தத்தில், தசை சிதையும்போது வெளியேறும் நொதியம் இயந்திரத்தின் எல்லையையே தாண்டியிருந்தது. சேர் மாதிரியில் திரவம் கலந்து ஐதாக்கி மறுபடி அளந்தார். பிறகு கதிரையில் அமர்ந்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"படியில விழுந்தா ஒரு இடம்தான் நசியும் புள்ள. இது உடம்பு முழுக்க நசிஞ்சிரிக்கி. ஆரோ போட்டு அடிச்சிரிக்காங்க."

படியில் விழுந்தாள் என்றுதான் கணவன் கொண்டுவந்து சேர்த்திருந்தான். அவளும் அதையே சொன்னாள். சேர் வார்டுக்குத் தொலைபேசி எடுத்து, சிறுநீரகம் பழுதாகப் போகிறது, உடனே சேலைன் ஏற்றுங்கள் என்றார். அவளைத் திருப்பி முதுகைப் பார்க்கவும் சொன்னார். உலக்கை பட்ட தடங்கள் தோளிலிருந்து தொடைவரை கறுத்துக் கிடந்தனவாம்.

பின்னேரம் கணவன் தன் தம்பியோடு ஆய்வுகூடத்துக்குள் நுழைந்தான். "ஆர்ரா சொன்ன, நான் அடிச்சன் எண்டு?"

சேர் எழுந்தார். "உங்கட பேரை நான் சொல்லல்ல தம்பி. அவட ரத்தத்தில இரிக்கிறதத்தான் சொன்னன்."

முதல் அடி சேரின் வாயில் விழுந்தது. தம்பிக்காரன் கதிரையைத் தூக்கி இயந்திரத்தில் அடித்தான். கணவன் கண்ணாடிக் குழாய்களைத் தரையில் தட்டிவிட்டு, சேரை இழுத்து விழுத்தி, அவரது வலது கையை அந்த நொறுங்கல்மேல் வைத்துச் சப்பாத்துக் காலால் மிதித்தான். நான் கத்திக்கொண்டு அவன் சட்டையைப் பிடித்து இழுத்தேன். என்னைச் சுவரில் மோதத் தள்ளினான். காவலாளிகள் வந்து பிடிக்கும்வரை மிதித்தான். கண்ணாடிச் சத்தத்துக்குள் எலும்பின் சத்தமும் கேட்டது. நோயாளிகளின் இரத்தமும் சேரின் இரத்தமும் ஒன்றாக ஓடி என் செருப்பை நனைத்தன.

செய்தி வார்டுக்குப் போனபோது அவள் தாதியிடம், "எனக்காகவா அவருக்கு அடிச்ச?" என்று கேட்டாளாம். "ஓம்" என்றாள் தாதி. அவள் பொலிசைக் கூப்பிடச் சொன்னாள். "நான் விழல்ல. கலியாணம் முடிச்ச நாளையில இரிந்து அவர் அடிக்கிறார்" என்றாள்.

அவள் பிழைத்தாள். அவன் சிறைக்குப் போனான். குடும்ப மானத்தை வாங்கிவிட்டாள் என்று கூடப்பிறந்தவர்களே அவளோடு கதைப்பதை விட்டதால், அவள் ஊரைவிட்டுப் போய்விட்டாள். சேரின் இரு விரல்கள் பிறகு மடங்கவேயில்லை. இடது கையால் பழகி, "விழுந்தவர்கள்" என்று கொண்டுவரப்பட்ட பெண்களின் இரத்தத்தில் அந்த நொதியத்தை ஆண்டுக்கணக்காக அளந்து ஆராய்ச்சி செய்தார். அப்படி மேலும் சிலர் காப்பாற்றப்பட்டார்கள். ஆனாலும் கதவு சற்றுப் பலமாகத் திறந்தால் போதும், சேரின் உடம்பு ஒருமுறை தூக்கிப்போடும்.

அவர் ஓய்வுபெற்றுவிட்டார், இப்போது பொறுப்பில் நான் இருக்கிறேன். சென்ற மாதம் ஆளில்லாத நாளொன்றில் இரத்தம் எடுக்க நானே உட்கார்ந்தேன். நீரிழிவுக்காரர் ஒருவர் வந்து முன்னால் அமர்ந்தார். தாடி நரைத்திருந்தது. பரிசோதனைத் துண்டிலிருந்த பெயரைப் படித்துவிட்டு மறுபடி முகத்தைப் பார்த்தேன். சேரின் கையை மிதித்தவன். அவனுக்கு என்னைத் தெரியவில்லை.

கையை நீட்டினான். கண்களை இறுக மூடிக்கொண்டான்.

"மெதுவாக் குத்துங்க தங்கச்சி. எனக்கு ஊசியெண்டா சரியான பயம்."

நாளம் தெளிவாகத் தெரிந்தது. மெதுவாகத்தான் குத்தினேன்.