தோற்காத தாசில்தார்

இன்று போத்தனூர் வாசகசாலையில் ஒரு குற்றம் செய்துவிட்டு வந்திருக்கிறேன். ரிடயரான தாசில்தாரைச் சதுரங்கத்தில் தோற்கடித்துவிட்டேன்.

எழுபது வயதுக்காரர். தினமும் சாயங்காலம் வந்து பலகையை விரித்துவிட்டு, பென்ஷன் வாங்குகிற எங்களுக்கெல்லாம் உபதேசம் செய்வார்.

"மூளைக்கு வேலை குடுக்கோணுமுங்க. தாலூகா கணக்குப் பூராவும் பாத்து ஜமாபந்தி நடத்துன மூளைங்க இது. இன்னைக்கு வரைக்கும் ஒரு ஆட்டங்கூடத் தோத்ததில்லீங்க."

தோற்க விட்டால்தானே. குதிரையை அவர் நேர்கோட்டில் நகர்த்தினாலும் "அருமைங்க" என்பார்கள். மந்திரியையே வெட்டுக்குக் கொடுத்தால், எதிரே இருப்பவர் அதைக் கவனிக்காத மாதிரி, புதிதாக வந்திருக்கும் கரண்டு விளக்கை அண்ணாந்து பார்ப்பார். நம் ஊர் மரியாதை அப்படி.

எனக்கு இன்று பொறுமை இல்லை. "அது குதிரைங்க, அப்படிப் போகாதுங்க" என்றேன். பேப்பர் படித்துக்கொண்டிருந்தவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள். கொஞ்ச நேரத்தில் அவர் ராஜாவை மடக்கிவிட்டேன்.

அவர் பலகையை மடித்தார். "உங்களுக்குப் பெரியவங்ககூட ஆடத் தெரியலீங்க" என்றார்.

ஊரே தூக்கிக் கொடுத்த ஜெயத்தைத் தன் மூளை என்று நம்பிய மனிதரை நினைத்துச் சிரித்துக்கொண்டே வீடு வந்து சேர்ந்தேன்.

மாப்பிள்ளை பலகையை விரித்துவைத்துக் காத்திருந்தார். "வாங்க மாமா, இன்னைக்காவது நான் ஜெயிக்கிறனான்னு பார்க்கலாமுங்க" என்றார்.

அவர் என்னை ஒருமுறைகூட ஜெயித்ததில்லை.

மாப்பிள்ளையோடு ஆடிப் பார்த்தவர்கள் யாராவது இருந்தால் உண்மையைச் சொல்லுங்கள். மரியாதையாகச் சொல்ல வேண்டாம்.